கூற்று, எதிர்க்கூற்று, மறுப்பு: 9 முதல் 12 வரையிலான வகுப்புகளில் வாதத்தைப் பிரித்துப் படிக்கக் கற்பிக்கும் முறை

வகுப்பில் விவாதம் என்றால் நம் பிள்ளைகளுக்குத் தயக்கம் கிடையாது. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள். தலைப்பைச் சொன்னதும் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுவார்கள். அதே பிள்ளைகளிடம் ஒரு தலையங்கத்தைக் கொடுத்து, எழுதியவர் எதை நிறுவப் பார்க்கிறார், எதிர்த்தரப்பு என்ன சொல்லும், அதற்கு அவர் வைத்திருக்கும் பதில் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். பத்தியைச் சுருக்கி எழுதி நீட்டுவார்கள். சுருக்கி எழுத அவர்களுக்குப் பல ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. பிரித்துப் பார்க்க யாரும் பழக்கவில்லை.

இந்தப் பாடத்தைப் புதிதாக எடுக்கப்போகும் ஆசிரியர்களுக்காக இது எழுதப்படுகிறது. ஒரு வகுப்பில் 40 மாணவர்கள், 40 நிமிடப் பாடவேளை, கரும்பலகை, சில சார்ட் அட்டைகள், எட்டுப் பக்கம் நகலெடுக்கும் வசதி. இவ்வளவை வைத்துக்கொண்டு ஆறு பாடவேளைகளில் முடிக்கலாம். தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் என எந்தப் பாட ஆசிரியரும் நடத்தலாம். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: முதல் நான்கு பாடவேளைகள் முடியும்வரை அணி பிரித்து விவாதம் வேண்டாம். ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறாது. இங்கே கற்க வேண்டியதே அவர் என்ன சொல்கிறார் என்பதைத்தான்.

தலைப்பைத் தேர்ந்தெடுத்தல்

பாதி வெற்றி தலைப்பில் இருக்கிறது. நான்கு சோதனைகள் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எண்ணமும் விவரமும் உள்ளவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்களா? மாணவர் கைக்கு எட்டும் சான்றுகள் உண்டா? கட்சி, சாதி, மதம் என்று ஒரே நிமிடத்தில் திசைமாறிவிடுமா? வகுப்பில் உள்ள யாருடைய மதிப்பாவது விவாதப்பொருள் ஆகிறதா? கடைசிச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இடஒதுக்கீடு, காதல் திருமணம், இலவசத் திட்டங்கள் போன்றவை நாட்டில் விவாதிக்கப்பட வேண்டியவைதான். ஆனால் அந்த விவாதத்தின் பொருளாகவே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு அது பயிற்சியாக இராது, அவமானமாகத்தான் இருக்கும். ஆசிரியருக்கு நல்ல அனுபவம் வந்தபின், வகுப்புக்குள் நம்பிக்கை வளர்ந்தபின் அவற்றைத் தொடலாம்.

முடிவான உண்மைகளையும் தவிர்க்கவும். தடுப்பூசி வேலை செய்கிறதா என்பதை இரு தரப்பு விவாதமாக வைத்தால், ஆதாரமே இல்லாத தரப்புக்கு வகுப்பு சம மரியாதை கொடுத்ததாகிவிடும்.

முதல் முறை நடத்துவோருக்கு நாம் பரிந்துரைக்கும் தலைப்பு: இந்தியாவில் வாக்களிக்கும் வயதை 18இலிருந்து 16 ஆகக் குறைக்கலாமா? மாணவர்களின் வயதே இதுதான், அதனால் அக்கறை தானாக வரும். எந்தக் கட்சிக்கும் சொந்தமான கோரிக்கை இல்லை. சட்டங்களும் பிற நாட்டு அனுபவங்களும் சான்றாகக் கிடைக்கின்றன. ஆசிரியர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பின்னணி சிறியது. அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களுக்கான வாக்குரிமையைச் சொல்கிறது. அதில் 21 என்று இருந்த வயதை 1988ஆம் ஆண்டின் 61ஆவது திருத்தம் 18 ஆக்கியது. திருத்தம் 1989 மார்ச் 28இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் 18 வயதினர் வாக்களித்தார்கள்.

பாடவேளை 1: எது கூற்று, எது கூற்று இல்லை

கரும்பலகையில் இந்த ஐந்து வாக்கியங்களை எழுதுங்கள்:

இந்தியாவில் வாக்களிக்கும் வயது 18.
எனக்குத் தேர்தல் செய்தி பார்க்கப் பிடிக்காது.
16 வயதினருக்கு அரசியல் செய்திகளைப் புரிந்துகொள்ளும் திறன் இருக்கிறது.
வாக்களிக்கும் வயதை 16 ஆக்க வேண்டும்.
வரி கட்டும் சிறுவனுக்கு ஏன் வாக்கு இல்லை?

ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் சோதிக்கச் சொல்லுங்கள். நியாயமான ஒருவர் இதற்கு ‘இல்லை’ சொல்ல முடியுமா? அவர் அப்படிச் சொன்னால் நான் காரணம் காட்ட வேண்டியிருக்குமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் அது கூற்று. முதல் வாக்கியம் தகவல். சட்டப் புத்தகத்தைத் திறந்தால் முடிந்தது. இரண்டாவது விருப்பம். மூன்றாவதும் நான்காவதும் கூற்றுகள், ஆனால் ஒரே வகை இல்லை. மூன்றாவது ‘இருக்கிறது’ என்கிறது. அதை ஆய்வாலும் அனுபவத்தாலும் சோதிக்கலாம். நான்காவது ‘செய்ய வேண்டும்’ என்கிறது. அதற்குத் தகவல் மட்டும் போதாது, எது முக்கியம் என்ற தீர்ப்பும் வேண்டும். கடைசி வாக்கியம் கேள்வியின் உடையில் வந்த கூற்று. மேடைப்பேச்சிலும் தலையங்கத்திலும் இந்த வகை ஏராளம். ‘இதை நேர்வாக்கியமாக மாற்றி எழுது’ என்று கேட்டால் மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்: சிறுவர்களும் மறைமுக வரி கட்டுகிறார்கள், ஆகவே வாக்கு தர வேண்டும்.

இங்கே வரும் வழக்கமான பிழை, தலைப்பையே கூற்று என்று எழுதுவது. ‘வாக்களிக்கும் வயது’ என்பது பொருள். அதைப் பற்றி எழுதியவர் என்ன சொல்கிறார் என்பதே கூற்று. விடை முழு வாக்கியமாக, வினைமுற்றோடு முடிய வேண்டும் என்று விதி வைத்தால் இந்தப் பிழை ஒரே நாளில் மறைந்துவிடும்.

பாடவேளை 2: எட்டு வாக்கியங்களைப் பிரித்தல்

செய்தித்தாள் கட்டுரையோடு தொடங்காதீர்கள். நீளம், அலங்காரம், கிளைக்கதை எல்லாம் சேர்ந்து மாணவரைக் குழப்பும். ஆசிரியரே எழுதிய எட்டு வாக்கியப் பத்தி போதும். கீழே இருப்பதை அப்படியே பயன்படுத்தலாம்:

1. இந்தியாவில் வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைக்க வேண்டும்.
2. 16 வயது நிறைந்தவர் 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வண்டியை உரிமம் பெற்று ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கிறது.
3. ஆஸ்திரியா 2007இல் வாக்களிக்கும் வயதை 16 ஆக்கியது.
4. பிரேசிலில் 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி 16, 17 வயதினரும் வாக்களிக்கலாம்.
5. பள்ளி, பாடத்திட்டம், நுழைவுத்தேர்வு பற்றி அரசு எடுக்கும் முடிவுகள் இந்த வயதினரைத்தான் முதலில் பாதிக்கின்றன.
6. இந்த வயதில் அரசியல் புரியாது, பெற்றோர் காட்டும் சின்னத்துக்கே வாக்குப் போடுவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள்.
7. 21ஐ 18 ஆக்கியபோதும் இப்படித்தான் சொன்னார்கள். நாடு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.
8. ஆகவே 16 வயதினரின் குரலும் தேர்தலில் ஒலிக்க வேண்டும்.

எண்களை நீக்கிவிட்டு, ஒரு ஏ4 தாளில் எட்டு வரியும் வரும்படி நகலெடுத்து, பட்டைகளாக வெட்டிக் கலைத்து, ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு தொகுதி கொடுங்கள். 40 பேருக்கு எட்டுக் குழு, எட்டுத் தாள், 64 பட்டைகள். குழு செய்ய வேண்டியது: பட்டைகளைக் கூற்று, காரணம், சான்று, எதிர்க்கூற்று, மறுப்பு என ஐந்து இடங்களில் வைப்பது. 15 நிமிடம். பிறகு ஒவ்வொரு குழுவும் ஒரு பட்டையைச் சொல்லி, ஏன் அங்கே வைத்தோம் என்று ஒரே வாக்கியத்தில் விளக்க வேண்டும். விளக்கம் இல்லாத விடையை ஏற்காதீர்கள்.

மூன்று இடங்களில் தகராறு வரும், வரவும் வேண்டும். எட்டாம் வாக்கியத்தைப் பலர் புதிய கூற்று என்பார்கள். முதல் வாக்கியமே வேறு சொல்லில் திரும்பி வந்திருக்கிறது. ஐந்தாம் வாக்கியத்தைச் சான்று என்பார்கள். அது காரணம், அதற்குத் தனியாகச் சான்று தேவை. காரணம் என்பது ‘ஏன்’ என்பதற்குப் பதில். சான்று என்பது ‘உனக்கு எப்படித் தெரியும்’ என்பதற்குப் பதில். இந்த இரண்டு கேள்விகளையும் சார்ட்டில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டிவிடுங்கள்.

மூன்றாவது தகராறு ஆறாம் வாக்கியத்தில். இதை எழுதியவரின் கருத்து என்று கணிசமான மாணவர்கள் வைப்பார்கள். கவனக்குறைவு மட்டும் காரணம் இல்லை. தமிழ் வாக்கியத்தில் யார் சொன்னது என்பது பெரும்பாலும் கடைசியில் வருகிறது. ‘இந்த வயதில் அரசியல் புரியாது’ என்று படித்ததும் மாணவர் முடிவுகட்டிவிடுகிறார். ‘என்று சிலர் சொல்கிறார்கள்’ வரும்போது பேனா அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. ஆகவே வாக்கியத்தின் வாலை முதலில் பார்க்கப் பழக்குங்கள். ‘என்பர்’, ‘என்று வாதிடுவோர் உண்டு’, ‘எனக் கருதப்படுகிறது’, ‘என்ற அச்சம் நிலவுகிறது’ ஆகியவை வாலில் இருந்தால் அது எழுதியவரின் குரலாக இல்லாமல் இருக்கலாம். அடுத்த வாக்கியம் ‘ஆனால்’, ‘எனினும்’, ‘இருப்பினும்’, ‘மாறாக’ என்று தொடங்கினால் சந்தேகம் உறுதியாகிறது. ‘உண்மைதான்’ என்ற சொல் வந்தால் அதற்குப் பின்னே ஓர் ‘ஆனால்’ காத்திருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள்.

பாடவேளை 3: சான்றுக்கும் கூற்றுக்கும் நடுவே சொல்லாமல் விட்டது

முழுப் பாடத்திலும் கடினமான இடம் இதுதான். நேரம் போதவில்லை என்றால் வேறெதையாவது குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள். பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஸ்டீஃபன் டூல்மின் 1958இல் வாதத்தை ஆறு உறுப்புகளாகப் பிரித்துக் காட்டினார். அதில் கல்வி உலகுக்கு மிகவும் பயன்பட்டது, சான்றிலிருந்து கூற்றுக்குத் தாவ உரிமை தரும் சொல்லப்படாத பொதுவிதி. வகுப்பில் ‘இணைப்பு’ என்று அழைத்தால் போதும். ஆறு உறுப்புகளையும் முதல் நாளே அறிமுகம் செய்யத் தேவையில்லை.

கரும்பலகையில் இந்தச் சட்டகத்தை எழுதுங்கள்:

(சான்று) ________. ஆகவே (கூற்று) ________. ஏனென்றால் பொதுவாக ________.

முதல் இரண்டு வெற்றிடங்களையும் நீங்களே நிரப்புங்கள்: 16 வயதில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே 16 வயதில் வாக்களிக்க அனுமதிக்க வேண்டும். மூன்றாவதை மாணவர் நிரப்பட்டும். முதலில் ‘ஏனென்றால் 16 வயதினருக்குத் திறமை இருக்கிறது’ என்பது போல வரும். ‘பொதுவாக’ என்ற சொல்லை விடாதீர்கள். விடையில் ‘16’ என்ற எண் வரக்கூடாது என்று சொல்லுங்கள். இரண்டு மூன்று முயற்சியில் இப்படி வந்து நிற்கும்: ஏனென்றால் பொதுவாக, பிறர் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய ஒரு வேலையைப் பொறுப்போடு செய்வார் என்று சட்டம் நம்பும் ஒருவர், வாக்கையும் பொறுப்போடு பயன்படுத்துவார்.

இப்போது இணைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்ததால் அதைக் கேள்வி கேட்கலாம். சாலையில் காட்டும் பொறுப்பும் அரசியலில் தேவைப்படும் பொறுப்பும் ஒரே வகையா? வண்டி ஓட்டத் தேர்வு வைத்து உரிமம் தருகிறார்கள்; வாக்களிக்கத் தேர்வு இல்லையே?

இங்கே ஒரு தர்க்கப் பிழை தவறாமல் தலைகாட்டும். யாராவது எழுந்து, ‘அப்படியானால் லைசென்ஸ் இல்லாத பாட்டிக்கு வாக்கு கிடையாதா?’ என்பார். வகுப்பு சிரித்து ஆமோதிக்கும். நிறுத்தி, பலகையில் எழுதிக் காட்டுங்கள். ‘வண்டி ஓட்டத் தகுந்தவர் வாக்களிக்கத் தகுந்தவர்’ என்று சொன்னால், ‘வாக்களிக்கத் தகுந்தவர் எல்லாரும் வண்டி ஓட்டத் தகுந்தவர்’ என்று ஆகாது. எதிராளியின் விதியைத் தலைகீழாக்கிவிட்டுத் தாக்குவது நிஜ விவாதங்களிலும் அன்றாடம் நடக்கிறது. பத்து நிமிடம் செலவானாலும் இதைத் தெளிவாக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மீதி நேரத்தில் 3, 4, 5ஆம் வாக்கியங்களுக்கு ஒவ்வொரு குழுவும் இணைப்பு எழுதட்டும். ஆஸ்திரியா பற்றிய சான்றுக்கு ‘பொதுவாக, ஒரு மக்களாட்சி நாட்டில் நடைமுறைக்கு வந்தது மற்றொன்றிலும் நடைமுறைக்கு ஏற்றது’ என்ற இணைப்பு வரும். அதை எழுதிப் படித்ததுமே, அது எவ்வளவு பெரிய தாவல் என்று மாணவருக்கே உறைக்கும்.

பாடவேளை 4: எதிர்க்கூற்று எங்கே ஒட்டுகிறது

எதிர்க்கூற்று எழுதச் சொன்னால் மாணவர் முதலில் எழுதுவது, கூற்றோடு ‘கூடாது’ சேர்த்த வாக்கியம்: வாக்களிக்கும் வயதைக் குறைக்கக் கூடாது. இது திசையை மட்டும் காட்டுகிறது. தனக்கென்று ஒரு ‘ஏனென்றால்’ வைத்திருந்தால்தான் அது எதிர்க்கூற்று. அந்த ‘ஏனென்றால்’ எங்கே போய் ஒட்டுகிறது என்று கேட்டால் மூன்று இடங்கள் கிடைக்கும்.

முதல் இடம், சான்று. பிரேசில் உதாரணத்தை எடுங்கள். அங்கே 18 முதல் 70 வயது வரை எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வாக்களிப்பது கட்டாயம். 16, 17 வயதினருக்கு விருப்பம். நான்காம் வாக்கியம் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்த நாடே 16 வயதினரையும் 18 வயதினரையும் ஒன்றாக நடத்தவில்லை என்ற பகுதியை விட்டுவிட்டது. சான்றைத் தாக்குவது என்றால் அது பொய் என்று நிரூபிப்பது மட்டுமே என்று மாணவர் நினைக்கிறார்கள். பாதி சொல்லப்பட்டது, பழையது, வேறு சூழலைச் சேர்ந்தது, யார் சொன்னது என்றே தெரியாதது ஆகிய நான்கும் சான்றின் குறைகள்தான். ஏழாம் வாக்கியம் கடைசி வகை. 1988இல் அப்படிச் சொன்னவர் யார், எங்கே சொன்னார்?

இரண்டாம் இடம், இணைப்பு. நேற்றைய பாடவேளையில் செய்ததையே எதிர்க்கூற்றாக எழுதுவது இது.

மூன்றாம் இடம், முடிவு. சான்றும் சரி, இணைப்பும் சரி, ஆனாலும் வேறொன்று அதைவிட முக்கியம் என்று வாதிடுவது. 1875ஆம் ஆண்டு இந்திய வயதுவந்தோர் சட்டப்படி 18 நிறைந்தால்தான் ஒருவர் சட்டத்தின் பார்வையில் வயது வந்தவர். ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதியும் அப்போதுதான் வருகிறது. தன் பெயரில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாதவர் நாட்டுக்கான பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது பொருந்துமா என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். இந்த வகை எதிர்க்கூற்றுதான் பெரும்பாலும் வலிமையானது. எழுதியவரின் வாதத்தில் ஒரு வரியைக்கூடப் பொய் என்று சொல்லாமலே இது எதிர்த்து நிற்கும்.

11, 12ஆம் வகுப்பில் இன்னொரு படி போகலாம். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, கொடுங்குற்றம் செய்ததாகக் கூறப்படும் 16 முதல் 18 வயதுக்குட்பட்டவரை, சிறார் நீதி வாரியத்தின் முதல்கட்ட மதிப்பீட்டுக்குப் பிறகு வயதுவந்தவராகக் கருதி விசாரிக்க வழி இருக்கிறது. இந்த ஒரே சான்றை இரு பக்கமும் பயன்படுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஆதரிப்போர்: பொறுப்பைச் சுமத்தும்போது 16 போதும் என்றால் உரிமை தரும்போதும் போதும். எதிர்ப்போர்: அங்கேயும் ஒவ்வொருவராக மதிப்பிட்ட பிறகுதான், 16 வயதினர் அனைவரையும் வயதுவந்தவராகச் சட்டம் ஏற்கவில்லை. சான்று தானாக எந்தப் பக்கமும் பேசாது, இணைப்புதான் அதைப் பேசவைக்கிறது என்பதை இந்த ஒரு பயிற்சி காட்டுவதுபோல் வேறு எதுவும் காட்டுவதில்லை.

இந்தப் பாடவேளையின் கடைசி 15 நிமிடம் மிக அவசியமானது. மாணவர்களை இருவர் இருவராக உட்கார வையுங்கள். முதலாமவர் ஓர் எதிர்க்கூற்றைக் காரணத்தோடு சொல்கிறார். இரண்டாமவர் அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்கிறார். முதலாமவர் ‘ஆமாம், நான் சொன்னது இதுதான்’ என்று ஏற்கும்வரை இரண்டாமவருக்குப் பதில் சொல்லும் உரிமை இல்லை. நன்னூல் தன் பாயிரத்தில் எழுவகை மதங்களை (நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடுகளை) அடுக்கும்போது ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவே’ என்று ஒன்றைச் சொல்கிறது: பிறர் கொள்கையை முதலில் ஏற்று எடுத்துக்கொண்டு, பிறகு நீக்குவது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரும் பிற சமயங்களின் கொள்கைகளைப் பரபக்கத்தில் எடுத்துச் சொல்லி மறுத்த பிறகே சுபக்கத்தில் தன் கொள்கையை நிறுவுகிறது. எதிராளியை முழுதாகச் சொல்லிவிட்டு மறுப்பது நமக்குப் புதிதாக வந்த பழக்கம் இல்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்; தமிழாசிரியர்கள் இதை இன்னும் விரிவாக எடுக்கலாம்.

இந்தப் படியைத் தாவினால், எதிராளி சொல்லாத ஒன்றைச் சொன்னதாகக் காட்டி அடிக்கும் பழக்கம் வரும். ‘இவர்களுக்கு இளைஞர்களையே பிடிக்காது’ என்பது போன்ற வாக்கியங்கள் எழுத்தில் முளைத்தால், இந்தப் பயிற்சியை இன்னொரு முறை நடத்த வேண்டும் என்று பொருள்.

பாடவேளை 5: மறுப்பு எழுதுதல்

மறுப்பு நான்கு வழிகளில் அமையும். எதிராளியின் சான்றில் குறை காட்டலாம். அவர் இணைப்பு மற்ற இடங்களில் பொருந்தாது என்று காட்டலாம். அவர் சொல்வதில் ஒரு பகுதியை ஏற்று, தன் கூற்றின் எல்லையைச் சுருக்கிக்கொள்ளலாம். இரண்டு நன்மைகளையும் எடைபோட்டு, தன் பக்கம் ஏன் கனமானது என்று சொல்லலாம். மூன்றாவதை மாணவர்கள் தோல்வி என்று நினைப்பார்கள். அதைத்தான் நாம் அதிகம் ஊக்கப்படுத்த வேண்டும். ஸ்காட்லாந்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் 16, 17 வயதினர் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலிலும் உள்ளாட்சித் தேர்தலிலும் வாக்களிக்கும் உரிமை பெற்றார்கள். அந்தச் சட்டம் பிரிட்டன் முழுமைக்குமான நாடாளுமன்றத் தேர்தலைத் தொடவில்லை. கூற்றின் எல்லையைக் குறைத்தால் அது நிறைவேறக்கூடிய ஒன்றாக மாறுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

முதலில் ஒரு பலவீனமான பத்தியைப் பலகையில் எழுதுங்கள்:

‘16 வயதினருக்கு வாக்குரிமை கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் அது தவறு. இன்றைய இளைஞர்களே நாளைய இந்தியாவின் தூண்கள். எனவே அவர்களுக்கு வாக்குரிமை கொடுக்க வேண்டும்.’

இதில் என்ன இல்லை என்று கேளுங்கள். எதிராளியின் காரணம் இல்லை. ‘தவறு’ என்பதற்கு விளக்கம் இல்லை. மூன்றாம் வாக்கியம் யாரும் மறுக்காத ஒன்று. அதனாலேயே அது எதையும் நிறுவவில்லை. பிறகு இதை எழுதுங்கள்:

‘இந்த வயதினர் பெற்றோர் விருப்பப்படியே வாக்களிப்பார்கள் என்பது எதிர்த்தரப்பின் முக்கிய வாதம். வீட்டின் செல்வாக்கு இருக்கும் என்பதை மறுக்க முடியாது. பெரும்பாலோர் பெற்றோரோடுதான் வாழ்கிறார்கள். ஆனால் பிறர் செல்வாக்குக்கு உட்படுவது வாக்கை மறுக்கப் போதுமான காரணம் என்றால், கூட்டுக் குடும்பத்தில் வாழும் 40 வயதினருக்கும் அது பொருந்தும். அவர்களுக்கு நாம் வாக்கை மறுப்பதில்லை. வாக்குப்பதிவை ரகசியமாக வைத்து அவர்களைப் பாதுகாக்கிறோம். அதே பாதுகாப்பு 16 வயதினருக்கும் போதும். முதல் கட்டமாக உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் தொடங்கலாம்.’

ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் எழுதவையுங்கள்: எதிர்க்கூற்று, ஒப்புதல், இணைப்பைச் சோதித்தல், மாற்றுச் சான்று, முடிவு, எல்லை. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து இதே அளவில் எட்டு வாக்கியப் பத்தி ஒன்றை ஒவ்வொருவரும் எழுதட்டும். தன் சொந்தக் கருத்து எதுவோ அதற்கு மாறான பக்கத்தில் எழுதச் சொல்வது நல்லது. தடுமாறுபவர்களுக்குத் தொடக்கங்கள் கொடுக்கலாம்: ‘… என்பது உண்மைதான், எனினும் …’, ‘இந்த வாதம் … என்று எடுத்துக்கொள்கிறது, ஆனால் …’, ‘இரண்டையும் எடைபோட்டால் …’. இரண்டு மூன்று முறைக்குப் பிறகு தொடக்கங்களை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லா விடைத்தாளும் ஒரே அச்சில் வரும், சிந்தனை நடந்ததா என்றே தெரியாது.

குறள் விஷயத்தையும் இங்கேயே பேசிவிட வேண்டும். கட்டுரை என்றால் மேற்கோள், மேற்கோள் என்றால் குறள் என்று நம் மாணவர்களைப் பழக்கியிருக்கிறோம். எது நல்லது, எது அறம் என்ற மதிப்பைப் பற்றிய பேச்சில் குறளுக்கு இடம் உண்டு. 16 வயதினர் எப்படி வாக்களிப்பார்கள் என்பதற்குக் குறள் சான்று ஆகாது. தலைவர்கள் சொன்னதாக வாட்ஸ்அப்பில் வரும் பொன்மொழிகளுக்கு இந்த மரியாதைகூடத் தேவையில்லை. ‘ஆய்வுகள் கூறுகின்றன’ என்று எழுதினால் யார் செய்தது, எந்த ஆண்டு, எத்தனை பேரிடம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் இல்லை என்றால் அந்த வாக்கியத்தை அடித்துவிட வேண்டும்.

பாடவேளை 6: இப்போது விவாதம்

பக்கத்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். விருப்பப்படி விட்டால் நண்பர்கள் ஒரே பக்கம் சேர்வார்கள். நண்பனை எதிர்க்க யாரும் முன்வருவதில்லை. ஒருவருக்கு 90 விநாடி. பேச எழுந்தவர், முன்பு பேசியவரின் கூற்றை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கைதட்டல் வேண்டாம். நடுவர் தீர்ப்பும் வேண்டாம். இந்த இடத்தில் பட்டிமன்ற முறை நமக்கு உதவாது. பேசாத மாணவர்கள் நான்கு கட்டம் போட்ட தாளில் கூற்று, சான்று, எதிர்க்கூற்று, மறுப்பு என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். 20 நிமிடத்தில் நிறுத்தி, பக்கத்தை மாற்றி இன்னொரு 10 நிமிடம். மீதி நேரத்தில் அந்தத் தாளைப் பார்த்து, பதில் சொல்லப்படாமலே விடப்பட்ட எதிர்க்கூற்றுகள் எவை என்று வகுப்பு சொல்லட்டும். குரல் வளம் இல்லாத, கூச்சமுள்ள பிள்ளைகள் இந்தக் கடைசிப் பகுதியில்தான் முன்னுக்கு வருவார்கள்.

மதிப்பெண்

எழுத்துப் பயிற்சிக்கு 10 மதிப்பெண் என்றால் இப்படிப் பிரிக்கலாம்: கூற்றைச் சரியாகச் சொன்னதற்கு 1, சான்றைக் கண்டு அதன் தரத்தைச் சொன்னதற்கு 2, இணைப்பை எழுதியதற்கு 2, எதிர்க்கூற்றைக் காரணத்தோடு நேர்மையாக எடுத்துச் சொன்னதற்கு 3, மறுப்புக்கு 2. மறுப்பைவிட எதிர்க்கூற்றுக்கு அதிகம் தருவதை மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுத்துப்பிழைக்குத் தனியாகக் கணக்கு வையுங்கள், இதில் கழிக்காதீர்கள். எந்தப் பக்கம் எழுதினார் என்பதற்கு மதிப்பெண்ணே கிடையாது. ஆசிரியர் தன் கருத்து எது என்று ஆறு பாடவேளைகளும் முடியும்வரை சொல்லாமல் இருப்பதும் அவசியம். சொல்லிவிட்டால் 40 தாளும் அந்தப் பக்கமே சாயும்.

இரண்டு வாரம் கழித்து, வேறு தலைப்பில் எட்டு வாக்கியப் பத்தி ஒன்றை முன்னறிவிப்பு இல்லாமல் கொடுங்கள். 2017-18இல் வந்து 2025இல் எடுக்கப்பட்ட 11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு, 2019 ஜனவரி 1இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் மீதான தடை இரண்டும் இதற்கு ஏற்றவை. வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இணைப்பை எழுத முடியாமல் திணறினால், தலையங்கத்துக்குப் போகாமல் மூன்றாம் பாடவேளையைப் புதுச் சான்றுகளோடு மறுபடி நடத்துங்கள். எழுத முடிந்தால், ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு நாளிதழ்கள் எழுதிய தலையங்கங்களை அருகருகே வைத்து, ஒன்றின் எந்த எதிர்க்கூற்றை மற்றொன்று கண்டுகொள்ளவே இல்லை என்று தேடச் சொல்லலாம்.